தூய்மை அறைக்குள் போன புற்றுமண்

எங்கள் ஊரில் எதை அச்சடித்தாலும் ஒருமுறை என் கண்ணில் காட்டிவிட்டுப் போவது வழக்கம். கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி... பிழைகளைக் களைந்து கொடுப்பேன். ஒரு காப்பியைக் குடித்துவிட்டுப் போவார்கள். சென்ற திங்கட்கிழமை காலையில் வந்த தாள் அந்த வகையைச் சேர்ந்ததன்று.

கொண்டுவந்தவள் கோமதி. சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லி அழைத்தாலும் நான்கு வீடுகளிலிருந்து பதில் வரும். இவள் என் எதிர்வீட்டுக் கோமதி. விசைத்தறி ஓட்டும் சண்முகத்தாயின் மகள். மின்னணுப் பொறியியல் படித்துவிட்டு, வடமாநிலம் ஒன்றில் புதிதாக எழும்பியிருக்கும் சிப் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவள். இரண்டு வாரமாக ஊரில்தான் இருக்கிறாள். ‘லீவு’ என்று தாய் சொல்லியிருந்தாள்.

லீவு இல்லை. அந்தத் தாளைப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

சிப் செய்யும் இடத்தைத் தூய்மை அறை என்கிறார்கள். தலை முதல் கால்வரை வெள்ளை உடை. கண்கள் மட்டும் வெளியே தெரியும். நம் கண்ணுக்கே புலப்படாத ஒரு துகள் விழுந்தாலும், பல வாரமாகப் பல நூறு படிகள் தாண்டி வந்த சிலிக்கான் தகடு பாழ். ஆகவே பவுடர் கூடாது, மை கூடாது, விபூதி, குங்குமம் எதுவும் கூடாது. பயிற்சியின் முதல் பாடமே அதுதானாம். கோமதி அதில் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறியவள்!

ஆனால் யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் அவள் முதன்முதலாக இயந்திரத்தைத் தொடவேண்டிய நாள் வந்தது. காலையில் தாயிடமிருந்து போன். “ஏட்டி, பையில புத்துமண்ணு வச்சிருக்கேன்லா... நெத்தியில துளி வச்சிட்டுப் போ.”

எங்கள் கோமதியம்மன் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். நெற்றியில் இடுவோம், மேலுக்கு நோவென்றால் குழைத்துப் பூசுவோம். வெளியூர் போகிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் பையைத் துழாவிப் பாருங்கள், ஒரு பொட்டலம் அகப்படும்.

“விதி தெரியும்லா உனக்கு? பிறகு எப்படி வச்ச?” என்று கேட்டேன்.

“விபூதின்னா வச்சிருக்க மாட்டேன் மாமா. இத நான் பூச்சுக் கணக்குல சேக்கவே இல்ல. அம்மன்தான கூட வாரான்னு நெனச்சேன்.”

அணிந்த தலையுறைக்குள் மண் காய்ந்தது, உதிர்ந்தது. சற்று நேரத்தில் காற்றிலுள்ள துகளை அளக்கும் கருவி அலறியது. உற்பத்தி வரிசையே நின்றது. தகடுகளைத் தனியே ஒதுக்கினார்கள். எங்கிருந்து வந்தது துகள்? அன்று காலையில் காற்று வடிகட்டியை மாற்றியவர், எங்கோ கிழக்கிலிருந்து பிழைக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர். எல்லாப் பார்வையும் அவர்மீது திரும்பியது. உடை மாற்றும் அறையில் தன் தலையுறையின் உள்விளிம்பில் ஒட்டியிருந்த செம்மண் நிறத்தைப் பார்த்துவிட்டாள் கோமதி.

அன்று முழுதும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் போய்ச் சொன்னாள்.

என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி நடவாதிருக்க என்ன வழி — இந்த மூன்றையும் எழுதித் தரச் சொல்லி அவளை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதைப் படித்த பிறகே மீண்டும் உள்ளே விடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்வார்களாம். ஆங்கிலத்தில்தான் தரவேண்டும், முதலில் தமிழில் எழுதிப் பார்த்தால்தான் தனக்கே தெளியும் என்று எழுதியிருந்தாள்.

படித்தேன். நல்ல உரைநடை; ஒளிவுமறைவே இல்லை. இப்படியே அனுப்பினால் வேலை போய்விடும். பேனாவை எடுத்தேன்.

“கோமதி... புற்றுமண் என்பதை ‘தூசி’ என்று மாற்றிவிடலாமே. அப்புறம், ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தாய் அல்லவா, அதை எழுதுவது எதற்கு? அவர்கள் கேட்கவே இல்லையே!”

“அதுதான் மாமா பெரிய தப்பு. மண்ணு வச்சது தெரியாத்தனம். தெரிஞ்ச பிறவும் பேசாம இருந்தேன்லா? அந்த ஒரு நாள்ல அந்த அண்ணனோட அடையாள அட்டைய வாங்கி வச்சிட்டாங்க. சாப்பிடாம வாசல்ல உக்காந்திருந்தாரு.”

நான் பேனாவை மூடினேன். நாற்பது ஆண்டுகளாக ஊரார் பிழையைத் திருத்துகிறவன், பிழையை மறைக்கும் வித்தையை எத்தனை சரளமாகக் கற்றுவைத்திருக்கிறேன்!

அதற்குள் மகளைத் தேடிக்கொண்டு சண்முகத்தாய் வந்துவிட்டாள். தறிக்குப் போகிற அவசரம். தலையில் முந்தைய நாளின் பஞ்சு. பேச்சைக் காதில் வாங்கியதும் முகம் மாறியது.

“ஏட்டி, ஆத்தா மண்ணக் குத்தஞ் சொல்லியா எழுதுத? கண்ணு அவிஞ்சு போவும். அண்ணாச்சி சொல்லுத மாதிரி தூசின்னு எழுதிட்டுப் போயேன்!”

“மண்ணு மேல குத்தம் இல்லம்மா. வச்ச எம்மேலதான். தூசின்னு எழுதுனா, நாளைக்கு நம்ம ஊர்ல இருந்து வார இன்னொருத்தியும் வச்சிக்கிட்டுத்தான் உள்ள போவா.”

“அதுக்கு? உள்ள வேலையே போயிட்டுன்னா என்னட்டி செய்வ?”

“தறியில இழ அந்துட்டுன்னா நீ என்ன செய்வ?”

“இது என்ன கேள்வி? நிறுத்துவேன்.”

“யாரும் பாக்கலன்னு ஓட்டிட்டா?”

“துணி பூரா கோடு விழும்லா... நாலு முழம் தள்ளி எப்படியும் தெரிஞ்சிரும்.”

சொல்லிவிட்டுச் சண்முகத்தாய் மகள் எழுதிய தாளைப் பார்த்தாள். பிறகு என் மேசையைக் காட்டினாள். “அப்ப எழுது. எம்பேரயும் சேத்து எழுது. போன்ல சொன்னது நாந்தான?”

“உன்ன அங்கன விசாரிக்கக் கூப்புடுவாங்கம்மா.”

“கூப்புடட்டும். வாரேன். எனக்கென்ன இந்தி தெரியாதுன்னு பயமா? கோடு விழுந்த துணிய எந்தப் பாஷையில காட்டுனாலும் தெரியும், அண்ணாச்சி!” கடைசிச் சொல் எனக்கு. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தறிக்கு நடந்தாள்.

கடிதத்தில் ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை. அன்றே கோமதி அதை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிட்டாள்.

பதில் வராத அந்த நாட்களில் நான் வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். என் சட்டைப்பையில் இருக்கிற போன், வயலில் மோட்டாரைத் தானே நிறுத்துகிற பெட்டி, ரயில் டிக்கெட் எடுக்கிற கருவி — எல்லாவற்றின் உள்ளேயும் பிறநாட்டுச் சில்லு, அதாவது சிப். ‘தரமாட்டோம்’ என்று அவர்கள் ஒருநாள் சொல்லிவிட்டால்? சில்லு வரத் தாமதமானதால் கார் முதல் மருத்துவக் கருவிவரை காத்துக்கிடந்த காலத்தை நாம் பார்த்துவிட்டோம். ஆகவே நாமே செய்வோம் என்று நாடு புறப்பட்டிருக்கிறது. புறப்பட்டது சரி. பாதியில் திரும்பக்கூடாது என்பதும் சரி.

ஆனால் எதைக்கொண்டு செய்வோம்? கட்டடம் எழுப்பிவிடலாம். இயந்திரத்தைக் கப்பலில் இறக்கலாம். வெளிநாட்டு வல்லுநரை அழைத்துவரலாம். துகள் விழுந்தவுடன் ‘நான்தான்’ என்று சொல்கிற மனிதரை எந்தத் துறைமுகத்தில் இறக்குமதி செய்வது? நம் அலுவலகங்களில் தவறு நேர்ந்தால் முதலில் நடப்பது என்ன... கோப்பு காணாமல் போகும்! அந்தப் பழக்கத்தோடு தூய்மை அறைக்குள் நுழைந்தால், எத்தனை வடிகட்டி வைத்தும் பயனில்லை. சில்லுக்குத் தேவையான தூய்மையில் பாதி, காற்றில் இல்லை.

சனிக்கிழமை மதியம் கோமதியின் போன் ஒலித்தது. வாசலில் நின்று பேசினாள். என் வாசலிலிருந்து பார்த்தால் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. தெருவைக் கடந்து போனேன்.

“வரச் சொல்லிட்டாங்க மாமா! விசாரணை முடிஞ்சு அந்த அண்ணனுக்கும் அட்டையத் திருப்பிக் குடுத்தாச்சாம். ஆனா எனக்குப் பழைய இடம் கிடையாது. மறுபடியும் பயிற்சிதான். துணி மாத்துததுல இருந்து எல்லாத்தையும் திரும்பப் படிக்கணும். என்கூடச் சேந்தவங்கல்லாம் மேல போயிருவாங்க.”

“வருத்தமா?”

“இருக்கத்தான் செய்யுது. ஆனா திங்கக்கெழம போறேன்.”

முதல் நாளிலிருந்தே தொடங்கட்டும்... இந்தத் தொழிலில் அவளுடைய நாடும் அங்கேதானே நிற்கிறது!