சாப்பிட்டுவிட்டுப் போன கல்யாணங்கள்

தை மாதக் குளிரில், குன்னூர்க் கல்யாண மண்டபத்தில், இலையில் ஊற்றிய ரசத்திலிருந்து மிளகும் பூண்டுமாக எழுந்து மூக்கில் ஏறும் ஆவியை நான் இன்னும் மறக்கவில்லை. மோந்ததோடு சரி, சிறுமியாக இருந்த காலம் முழுக்க அந்த ரசத்தை நான் வயிறாரச் சாப்பிட்டதில்லை.

நான் குண்டுப் பிள்ளை. அப்பா கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்ததால், "கடையில பாதி இவ வவுத்துலதான்" என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. என்னைவிட இரண்டு மடங்கு தின்ற அண்ணனோ ஊதினால் விழுந்துவிடுகிற மாதிரி இருந்தான். அவனை "வளர்ற பையன், நல்லாத் திங்கட்டும்" என்பார்கள். உடம்பு என்னுடையது, ஏச்சு அம்மாவுக்கு. "ஏனுங்க, புள்ளைக்கு என்னதான் போடறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா அவளைக் கேட்பதும், "வாயக் கட்டுனா வவுறு தானா எறங்கிரும்" என்று பெரியப்பா தீர்ப்புச் சொல்வதும் எந்த விசேஷத்திலும் தப்பாது.

அம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். கல்யாணத்துக்குக் கிளம்பும் முன், மற்றவர்கள் உடுத்திக்கொண்டிருக்கும்போது, என்னை மட்டும் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, பட்டுப் பாவாடையின்மேல் துண்டை விரித்து, வயிறு முட்டத் தயிர்ச்சோறு போடுவாள். "அங்க போயி ஒரு கை அள்ளிட்டு எந்திரிச்சிரு சாமி. ஊரு கண்ணு பூராவும் உன்ற எலை மேலதான் இருக்கும்" என்பாள். பந்திக்கு முந்து என்பார்கள். எங்கள் அளவுக்கு முந்தியவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மண்டபத்தில் அண்ணன் மறுபடியும் மறுபடியும் சோறு கேட்க, என் வயதுப் பெண்கள் அப்பளத்தை நொறுக்கி ஒருவர் இலையில் ஒருவர் போட்டுச் சிரிக்க, நான் சோற்றைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

சித்தி கல்யாணத்தில் பரிமாறிக்கொண்டு வந்த தூரத்து மாமா ஒருவர், என் இலையில் குவிந்து கிடந்த சோற்றைப் பார்த்துவிட்டு, பந்தி முழுக்கக் கேட்கும்படி, "என்ன கண்ணு, ஊட்டுலயே ஒரு அண்டா முடிச்சுட்டு வந்துட்டியாட்ட இருக்குது!" என்றார். வரிசையே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அவர் வேடிக்கையாகச் சொன்னது உண்மையாக இருந்ததில் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா சிரித்தது அதைவிடச் சுட்டது. அவளால் வேறென்ன செய்திருக்க முடியும் என்பது விளங்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. அடுத்த கல்யாணத்துக்கும் அவள் கதவைச் சாத்தினாள், நானும் போய் உட்கார்ந்தேன்.

இப்போது எங்கள் ஊர் மண்டபங்களில் பந்தி குறைந்துவிட்டது. தட்டைக் கையில் ஏந்தி, அவரவர் மூலையில் நின்று சாப்பிடுகிறோம்; கம்பு தோசைக்குத்தான் பெரிய வரிசை. "குண்டு" என்ற சொல்லும் போய், "ஹெல்த்தைப் பாத்துக்குங்க" வந்திருக்கிறது. மரியாதை கூடியிருக்கிறது, பார்வை மாறவில்லை.

என் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகுதான் நான் தட்டை எடுக்கிறேன். "என்ற மருமக, புருசன் திங்காம ஒரு வாய் திங்க மாட்டாளுங்க" என்று மாமியார் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமை பேசுகிறார். எதிரில் ஆள் இருந்தால் எனக்குச் சோறு இறங்காது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?