நாயை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்

சம்பளச் சீட்டில் அவளுக்கு ஒரு பெயர் உண்டு. மற்றபடி எல்லோருக்கும் அவள் சாம்பலக்கா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, கண்ணாடிகளைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள். வீட்டுக்கு வந்து முகம் கழுவியதும் உலகம் அழிந்துவிடும். ‘சாம்பல் பாதை’ என்ற வீடியோ கேமில், பெரும்போருக்குப் பின் மிஞ்சிய மனிதர்களோடு அவள் குடித்தனம் நடத்தத் தொடங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. அந்த விளையாட்டுக்குத் தனியாக இறக்கிக்கொள்ளும் கூடுதல் கதைகள் அவ்வப்போது வரும். ஒவ்வொன்றையும் முழுசாக விளையாடிப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று இணையத்தில் எழுதுவாள். படம் அழகா, துப்பாக்கி புதுசா என்பதெல்லாம் அவளுக்கு இரண்டாம்பட்சம்.

“அந்த ஊர்ல யாரு உக்காந்து சாப்பிடுறா, யாரு பாத்திரம் கழுவுறா? முதல்ல அதைச் சொல்லு” என்பாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. புது ஊருக்குள் நுழைந்தால் ஆயுதத்தைத் தொடமாட்டாள். தெருத்தெருவாக நடந்து, கண்ணில் படுகிற ஒவ்வொருவரோடும் பேசி முடித்த பிறகுதான் கதையை நகர்த்துவாள். கூடவே முக்காலி வரும். மூன்று கால் நாய். விளையாட்டின் தொடக்கத்தில் இடிபாட்டிலிருந்து அவள் தூக்கிவந்தது. அதை முகாமில் விட்டுவிட்டும் போகலாம். சாம்பலக்கா ஒருநாளும் விட்டதில்லை.

இந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகை அவளைத் தேடி வந்தது. “சோதனையா ஒண்ணு எழுதுங்கம்மா. நல்லா வந்தா வாராவாரம் ஒரு பக்கம் உங்களுக்குத்தான்” என்றார் ஆசிரியர். சாம்பலக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

எழுதுவதற்குத் தோதாக வந்திறங்கியது ‘சக்கர ஊர்’ என்ற கூடுதல் கதை. அந்த ஊரில் குழந்தை பிறந்ததும் மண்டபத்தில் ஓர் இரும்புச் சக்கரத்தைச் சுழற்றுவார்கள். முள் பச்சையில் நின்றால் மதிலுக்கு உள்ளே வாழ்வு. சிவப்பில் நின்றால் சாகும்வரை தண்ணீர் சுமக்க வேண்டும். கேட்டால் விதி என்பார்கள். சுமக்கிறவர்களும் அதையே சொல்லிக்கொண்டு சுமந்தார்கள். சாம்பலக்காவுக்கு ரத்தம் கொதித்தது. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் பேசிப் பார்த்தாள். கடைசியில் கதை அவள் முன் நீட்டியவை இரண்டே வழிகள்: சக்கரத்துக்குக் காவலாளி ஆகு, அல்லது ஊரைக் கொளுத்து.

‘அநியாயத்துக்குப் பழகிக்கொள், முடியாவிட்டால் எல்லோரையும் கொன்றுவிடு என்கிறார்கள். மனிதர்கள் யோசிப்பார்கள், யோசித்து மாறுவார்கள் என்பது இதை எழுதியவர்களின் புத்தியில் ஏறவே இல்லை’ என்று கட்டுரையில் விளாசித் தள்ளினாள்.

“தீப் பறக்குதும்மா! அட்டையிலேயே போட்டுடறேன்” என்றார் ஆசிரியர்.

இதழ் அச்சுக்குப் போகிற அன்று கடைக்கு விடுமுறை. கூடத்து சோபாவில் நாத்தனார் காலை நீட்டிக் கிடந்தாள். அவள் நர்ஸ். மருத்துவமனையின் ஈரப் படிக்கட்டில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு, பொழுது போகாமல் ‘சக்கர ஊர்’ ஆடிக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, இந்தக் குழாய்க்காரம்மா செம ஆளு!”

“எந்தக் குழாய்க்காரம்மா?”

“பம்ப் ரூம்ல இருக்காங்களே. சக்கரத்துக்கு அடியில காந்தம் வெச்சிருக்காங்களாம். மதிலுக்கு வெளிய பொறந்த குழந்தைன்னா இழுத்துச் சிவப்புல நிறுத்திடுமாம்.”

“பம்ப் ரூம் காலிடி. நானே எத்தனையோ தடவை போயிருக்கேன்.”

“நீங்க வர்றது தெரிஞ்சா யாருதான் ஒளியமாட்டா?”

சாம்பலக்கா தேநீரைக் கீழே வைத்தாள். “உன் நாய் எங்க?”

“அதை முகாம்லயே விட்டுட்டேன். டூட்டியிலதான் நாள் பூரா சத்தம், வீட்லயும் குரைக்கணுமா?”

விஷயம் அதுதான். உண்மை தெரிந்த அந்தப் பெண்ணை மதில் காவலர்கள் நாய்களை ஏவித் தேடுகிறார்கள். குரைப்புச் சத்தம் கேட்டால் தொட்டிக்குப் பின்னால் பதுங்கிவிடுவாள். ஒருவர் விடாமல் பேசியதாக மார்தட்டிய சாம்பலக்கா, போன இடமெல்லாம் முக்காலியைக் குரைக்கவிட்டு அவளை விரட்டியிருக்கிறாள்.

விளையாட்டுக்குள் நாத்தனார் ஊரைக் கூட்டினாள். சக்கரத்தைப் புரட்டிப் போட்டாள். தண்ணீர் சுமக்கிற கிழவர் ஒருவர் காந்தத்தின் பக்கத்தில் ஓர் ஆணியைக் கொண்டுபோனார். டக்கென்று ஒட்டியது. பிடுங்கி மறுபடி வைத்தார். ஒட்டியது. கிழவர் சிரிக்கத் தொடங்க, கூட்டமே தலையில் இருந்த குடங்களை இறக்கி வைத்தது. ஒரு சொட்டு ரத்தமில்லை.

“அடடா! எவ்வளவு அழகா எழுதியிருக்கான்!” என்று கைதட்டிய சாம்பலக்கா, பாதியில் நிறுத்தினாள். “ஐயோ, என் கட்டுரை!”

பள்ளி வேன் ஓட்டும் கணவன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தான். “விடேன். யாரு கண்டுபிடிக்கப் போறா?”

“உன் தங்கச்சி கண்டுபிடிச்சாளே, ஒத்தக்கால்ல!”

ஆசிரியரைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் மசியவில்லை.

“அட்டை தயாராயிடுச்சும்மா. அடுத்த வாரம் ஒரு மூலையில திருத்தம் போட்டுக்கலாம். எங்களுக்கு வேண்டியது உங்க கோபம்.”

“கோபம் நிஜம்தான் சார், குற்றச்சாட்டுதான் பொய். அவங்க வெச்ச வழிய இல்லைன்னு சொன்னா, அந்தச் சக்கரத்தைச் சுத்துறவனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?”

“வாரப் பக்கம் வேணுமா, வேணாமா?”

“வேணும். ரொம்ப வேணும். ஆனா அந்தக் கட்டுரையப் போடாதீங்க. சாயங்காலத்துக்குள்ள வேற தர்றேன்.”

ஆசிரியர் போனை வைத்துவிட்டார்.

அவள் முக்காலியை முகாமுக்கு அனுப்பினாள். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. தனியாக ஊரைச் சுற்றினாள். குரைப்பு இல்லாத தெருவில் இன்னொன்றும் காதில் விழுந்தது. மதிலுக்குள் ஆளுக்கொரு குரல். சமையல்காரனுக்குக்கூடத் தனிக் குரல். மதிலுக்கு வெளியே தண்ணீர் சுமக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே குரல். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, அதோடு சரி. சாம்பலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கதைக்குக் கொடுக்க வேண்டிய பாராட்டை மனசாரக் கொடுத்தாள். ‘நாயை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், நான் விடாமல் போய் ஏமாந்தேன்’ என்றும் எழுதினாள். பிறகு அந்தக் குரல் விஷயத்தைப் பிடித்து உலுக்கினாள்: ‘சக்கரத்தின் மோசடியைக் காட்டிக்கொடுத்த இதே கம்பெனி, குரல் கொடுக்கும்போது மட்டும் யாருடைய சக்கரத்தைச் சுழற்றியது?’

இருட்டுவதற்குள் ஆசிரியர் கூப்பிட்டார்.

“அட்டை போச்சு. உள்பக்கத்துலதான் இடம்.”

“சரி சார்.”

“அந்தக் குரல் விஷயம் நிஜமான்னு நானே போட்டுக் கேட்டேன். ஆமாம்மா, தண்ணி சுமக்கிறவங்களுக்கெல்லாம் அதே ரெண்டு குரல்தான். இனிமே அதைக் கேக்காம இருக்க முடியல எனக்கு. பொழப்பைக் கெடுத்துட்டீங்க.” காலண்டரைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “வாராவாரம் புதன்கிழமை கட்டுரை வந்துடணும்.”

அவள் போட்ட கூச்சலில் கணவன் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்தான். சோபாவில் கிடந்தவள் மட்டும் அசையவில்லை.

“அண்ணி, கட்டுரையில என் பேரும் வரணும், சொல்லிட்டேன்.”

“நீ என்னடி எழுதின?”

“எழுதல. காலை உடைச்சுக்கிட்டேன்ல?”