வெண்பாவுக்கு வந்த வழக்கு

சிங்கப்பூர் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்து இரண்டாவது வருடம். ஐம்பதுகளின் கடைசி. அதுவரை வந்ததெல்லாம் கைகலப்பு, குடித்துவிட்டுக் கலாட்டா, லைசென்ஸ் இல்லாத தள்ளுவண்டி. அதற்கு வீட்டுத் தமிழே போதும். நான் படித்தது இங்கிலீஷ் ஸ்கூல். தமிழ் எழுத்து பழகியது மாதா கோயில் ஜெபப் புத்தகத்தில்.

அன்று வந்தது அவதூறு வழக்கு. சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த முத்தையா, தன்னிடம் வேலை பார்த்த தையல்காரர் கோவிந்தன்மேல் போட்டிருந்தார். கோவிந்தன் ஒரு கூட்டத்தில் முதலாளியைப் பற்றி வெண்பா வாசித்துவிட்டாராம். அதில் ஓர் இடம்: 'அளவின்றித் தந்திடுவார் ஆடை.'

"துணியைச் சரியாக அளக்காமல் கொடுப்பவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

கூண்டில் நின்ற கோவிந்தனுக்கு ஆங்கிலம் கொஞ்சம் புரியும். "சார், நீங்க பாதிதான் சொல்றீங்க லா. அளவில்லாம அள்ளிக் குடுப்பார்னும் அர்த்தம் இருக்கு" என்றார்.

தண்டனை விழுந்தால் எந்தக் கடையும் அவரைச் சேர்க்காது. அது என் வாயிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தால் நடந்திருக்கும்.

"உங்களுக்குக் கவிதை மொழிபெயர்க்கத் தெரியுமா, தெரியாதா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"இன்றைக்குத் தெரியாது, சார்."

அவர் சிரிக்கவில்லை. வழக்கை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளினார். மூன்று நாள்.

சிராங்கூன் ரோட்டுப் புத்தகக்கடையில் யாப்பும் அணியும் சேர்ந்த ஓர் இலக்கண நூல் வாங்கி பஸ்ஸிலும் மதிய இடைவேளையிலும் படித்தேன். எனக்குத் தெரிந்த சொற்களே என்னை மிரட்டின. கோர்ட்டில் அடி என்றால் அடிதடி. தளை என்றால் விலங்கு. தொடை டாக்டர் சர்டிபிகேட்டில் வரும். இங்கே மூன்றும் செய்யுளின் உறுப்புகள். விரல்விட்டு எண்ணி, கோவிந்தனின் நான்காவது அடி மூன்றே சீரில் முடிவதைக் கண்டபோது, வெண்பா அப்படித்தான் முடிய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். அடுத்த நாள், அணி பற்றிய பகுதியில் நான் தேடியது கிடைத்தது: வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோல் பழிப்பது.

வெள்ளிக்கிழமை இரண்டு பொருளையும் பதிவில் ஏற்றினேன். "இவர் எதை நினைத்து எழுதினார்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அதை எழுதியவர்தான் சொல்ல வேண்டும், சார்."

புகழ்ச்சிதான் என்று சொல்லி கோவிந்தன் தப்பித்திருக்கலாம். அவர் முத்தையாவைப் பார்த்தார். "கடை தொறந்த அன்னிக்கு எழுதினது, முதலாளி. அப்ப புகழ்ச்சிதான். நீங்களே சால்வை போட்டீங்க. என்னை வேலைய விட்டு நிறுத்தினப்புறம் அதையே கூட்டத்துல வாசிச்சேன். அப்ப அது மத்த அர்த்தம்."

"அதே பாட்டா?" என்றார் முத்தையா. பிறகு மாஜிஸ்திரேட்டிடம், "கேஸ் வேணாம் சார். மன்னிப்பு கேட்டா போதும்."

"வாசிச்சதுக்கு மன்னிப்பு கேக்கிறேன். எழுதினதுக்கு இல்ல" என்றார் கோவிந்தன். ஒரு சொல் கூடாமல் குறையாமல் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். வழக்கு வாபஸானது. கோவிந்தனுக்குப் பழைய வேலை திரும்பவில்லை. வேறொரு கடையில் மெஷின் போட்டார்.

அதன்பின் தெரியாத சொல் வந்தால் எழுந்து, தெரியாது என்று சொல்லிவிடுவேன். சில மாஜிஸ்திரேட்டுகள் முகம் சுளித்தார்கள். தெரிந்ததுபோல் மொழிபெயர்த்திருந்தால், சாட்சி சொல்லாததை நானே கூண்டில் ஏறிச் சொன்னதாக ஆகியிருக்கும்.