வாசலிலிருந்து மேடை வரை ஒரு லூப்

டீஜே வேலை என்றால் பட்டனைத் தட்டிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பது என்று நினைக்கிறவர்கள், ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மாத்தளையில் ஏதாவதொரு மண்டபத்தின் இரண்டாம் மாடிக்குத் தூக்கி வந்து பார்க்கட்டும். எனக்கு வார நாட்களில் யட்டவத்தயில் கந்தோர் உத்தியோகம், சனி ஞாயிறில் கல்யாண வீடுகள். வயது நாற்பத்தொன்பது. முழங்கால் போய்விட்டது. இந்த வருஷத்தோடு விட்டுவிடுகிறேன் என்று ஒவ்வொரு வருஷமும் மனைவியிடம் சொல்கிறேன். அவளும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறாள்.

தூக்குவதைவிட அலுப்பு, லெப்டொப்பின் முன்னால் உட்காருவது. பாட்டை ஏற்றியதும் மெஷின் அதன் வேகத்தைக் கணக்கிட்டு, தாளம் விழவேண்டிய இடங்களில் சம இடைவெளியில் கோடு போட்டுவிடும். அதற்குக் கிரிட் என்று பெயர். கோடு சரியாக இருந்தால்தான் பாட்டில் ஒரு துண்டை மட்டும் பிடித்து, அது திரும்பத் திரும்பச் சுற்றும்படி லூப் போடலாம். இப்போதைய பாட்டுகளில் கரைச்சல் இல்லை. கம்ப்யூட்டர் வாசித்தது கம்ப்யூட்டருக்குப் புரியும். பழைய பாட்டுகளை மனிதர்கள் அல்லவா வாசித்திருக்கிறார்கள்! டோலக் அடிக்கிறவர் உற்சாகம் வந்தால் முந்துவார், களைத்தால் பிந்துவார். பாதிப் பாட்டுக்குள் கோடு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பிறகு நான்தான் உட்கார்ந்து ஒவ்வொரு கோடாக இழுத்து அடியின்மேல் வைக்க வேண்டும்.

“ஏங்க, ஒரே எடத்தையே எத்தன தரம் கேப்பீங்க? தல வெடிக்குது எனக்கு!” என்று மனைவி குசினியிலிருந்து கத்துவாள். வெடிக்கிறது எனக்கும்தான், யாரிடம் போய்ச் சொல்ல?

அப்படி இருக்கும்போதுதான் அலுவிகாரையிலிருந்து ஒரு பெண் தன் கல்யாணத்துக்குப் பேச வந்தாள். மற்றவர்கள் என்றால் கைபேசியில் முழ நீளத்துக்கு ஒரு பட்டியலோடு வருவார்கள். இவள் கேட்டது ஒரே ஒரு பாட்டு.

“அங்கிள், அப்பா என் கையப் புடிச்சு வாசல்லருந்து மேட வரைக்கும் நடந்து வரணும். அவ்வளவுதான்.”

அவளுடைய அப்பா ஓய்வு பெற்ற தபாலதிபர். அம்மா இல்லை, வீட்டில் அப்பாவும் மகளும் மட்டும். அவருக்கு நடுக்குவாதம். நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். மனம் போ போ என்றாலும் கால் கிளம்பாது. தாளத்தோடு நடந்தால் கால் வருகிறது என்று கிளினிக்கில் கண்டுபிடித்திருந்தார்கள். ஒரு பழைய படப் பாட்டின் தொடக்கத்தில் வரும் டோலக் அவருக்குப் பொருந்திவிட்டது. ஆனால் அது கால் நிமிஷம்தான். பாடகர் வாயைத் திறந்ததும் வேகம் மாறும், கால் நின்றுவிடும். அதற்குப் பிறகு மகள் பக்கத்தில் நின்று “ஒன்னு, ரெண்டு” என்று எண்ணி எண்ணி அவரை நடக்க வைப்பாள். மண்டபத்தில் அவருக்கு மூன்று நிமிஷத்துக்குக் குறையாமல் அந்த டோலக் வேண்டும்.

இது எனக்குச் சின்ன வேலை என்று நினைத்தேன். லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய், மெஷின் போட்ட கிரிட்டை நம்பி ஒரு லூப் போட்டேன். வெளியே தம்புள்ளை மரக்கறி லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அறை வாசலிலிருந்து நடந்தார். லூப் நாலாவது தடவை சுற்றும்போது முன் கதவடியில் நின்றுவிட்டார்.

“தம்பி, ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு எடத்துல முந்துது,” என்றார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எத்தனை வருஷமாகச் செய்கிற வேலை இது! “ஸ்க்ரீன்ல சரியாத்தான் இருக்கு ஐயா.”

“இருக்கும். என் காலுக்கு ஸ்க்ரீன் தெரியாதே.”

காதைக் கூர்ந்து கேட்டேன். சொன்னது உண்மைதான். டோலக்காரர் கடைசி இரண்டு அடியில் அவசரப்பட்டிருந்தார். மெஷினின் கோடு அதைக் கவனிக்காமல் நேராக ஓடியிருந்தது. முடிவும் தொடக்கமும் சேரும் இடத்தில் மயிரிழை அளவுக்கு இடறியது. என் காது தவறவிட்டதை அவர் கால் பிடித்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

நான் கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார். “இன்னொன்னு தம்பி. பாட்ட எனக்காக இழுத்துப் புடிச்சிருக்கீங்கனு சபைக்குத் தெரிய வேணாம்.”

இரண்டு வாரம், கந்தோர் விட்டு வந்த களைப்போடு அந்தக் கால் நிமிஷத்தோடு மல்லுக்கட்டினேன். ஒவ்வோர் அடிக்கும் தனிக் கோடு. அவசர அடிகளைப் பின்னுக்கு இழுத்தேன். அப்போதும் ஒரு குறை: தொடக்கத்தில் முதல் அடி மட்டும் ஓங்கி விழுந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அது வந்து, இதோ திரும்பவும் அதேதான் என்று காட்டிக்கொடுத்தது. அதையும் தணித்து மற்ற அடிகளோடு சமமாக்கினேன். பிறகு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எனக்கே தெரியவில்லை. இரண்டாம் ஒத்திகையில் அவர் வீட்டை இரண்டு தடவை சுற்றி வந்தார், ஓரிடத்திலும் நிற்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது.

கல்யாணத்தன்று தாலி கட்டி முடிந்து, பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வரவேற்பு. மாப்பிள்ளை மேடையில் நின்றான். நான் பாட்டைப் போட்டேன். அப்பாவும் மகளும் வாசலில் காலெடுத்து வைத்தார்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, ஐந்தாம் சுற்று. சபை சும்மா புன்னகைத்துக்கொண்டு பார்த்தது. பாட்டு நீள்வது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பாதி வழியில் வீடியோக்காரன் குறுக்கே வந்து கையைத் தூக்கினான். “அங்கிள், பொட்டக் இன்ன, கொஞ்சம் நில்லுங்க! அப்பாவும் மகளும் இந்தப் பக்கம் பாருங்க.”

நம் கல்யாணங்களில் ஐயர் சொல்லை மீறினாலும் மீறுவார்கள், வீடியோக்காரன் சொல்லை மீற மாட்டார்கள். அவர் மரியாதையாக நின்றார். கெமராவைப் பார்த்துச் சிரித்தார். அவன் கையைக் காட்டி, போகலாம் என்றான். அவர் போகவில்லை.

கால் ஒட்டிக்கொண்டுவிட்டது. மகள் குனிந்து எண்ணத் தொடங்கினாள். அவள் எண்ணுவது ஒரு பக்கம், என் தாளம் ஒரு பக்கம். ஒவ்வொரு அடிக்கும் அவர் உடம்பு முன்னால் சாய்ந்து திரும்பியது. கிளம்புவதற்கு ஒரு முதல் அடி வேண்டும், அதை அவர் தேடுகிறார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்த முதல் அடியை அழித்தவன் நான்! ஐயோ, என்ன காரியம் செய்து வைத்தேன்! பின்வரிசையில் கதிரைகளை இழுத்துக்கொண்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செய்யக்கூடியது ஒன்றுதான், அதுவோ அவர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. பட்டனை அழுத்தினால் லூப் வெட்டுப்பட்டு, நான் கைவைக்காத மூலப் பாட்டின் ஓங்கிய முதல் அடிக்குத் தாவும். சபை முழுவதும் கேட்கும். விரலை வைத்துக்கொண்டு நாலைந்து அடி தயங்கினேன். பிறகு சத்தத்தை ஏற்றி அழுத்தினேன். டொம்! எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. அடுத்த நாலாவது அடியில் மறுபடியும் அழுத்தினேன். டொம்! மூன்றாம் தடவை அவருடைய வலது கால் எழும்பியது. அதன்பிறகு மேடை வரைக்கும் ஒவ்வொரு நாலாவது அடிக்கும் நானே அழுத்தினேன். பாட்டு துண்டு துண்டாக விழுந்தது. இது யாருக்காக என்று சபைக்கு நன்றாகவே புரிந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பெண்ணின் அப்பா அதையும் பார்த்துக்கொண்டேதான் நடந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டுப் போனேன். மூலையில் ஒரு கதிரையில் தனியாக இருந்தார்.

“மன்னிச்சுக்குங்க ஐயா. எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு.”

“தெரிஞ்சுதான் போச்சு,” என்றார். “செத்துப் போகலாம் போல இருந்திச்சு.”

திட்டட்டும் என்று நின்றேன். அவர் மேடைப் பக்கம் பார்த்தார். மகள் யாருடனோ சிரித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு அவ தம்புள்ளைக்குப் போறா, மாப்பிள்ள வீட்டுக்கு. சமைக்க ஒரு பொம்பள காலையில வந்துட்டுப் போயிருவா. மத்த நேரம் நான் மட்டும்தான்.” சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து என்னிடம் நீட்டினார். “இன்னிக்கு அடிச்சீங்களே, அந்த மொத அடி சத்தமா விழுற மாதிரி, அப்பிடியே இதுல போட்டுத் தாங்க. கட்டில்லருந்து பாத்ரூமுக்குப் போகணும்.”

வாங்கிக்கொண்டேன். “எவ்வளவு நேரத்துக்குப் போடட்டும் ஐயா?”

“அஞ்சு நிமிஷம் போதும்,” என்றவர், கொஞ்சம் யோசித்தார். “இல்ல தம்பி, பத்தாப் போடுங்க. திரும்பி வரணுமே.”