பொத்தான் எந்த நாட்டில் மலிவு

அண்ணனின் பொத்தான் பட்டறையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பொத்தான் வார்க்கும் அச்சு ஓட்டியவள் அவள். வெளிநாட்டுப் பொத்தான் வந்து ஆர்டர் குறையவே, அரசாங்கத்தின் ஏற்றுமதி இறக்குமதிப் புள்ளிவிவரத் தளத்தில் பொத்தானுக்கான சுங்க எண்ணைத் தேடிப் போட்டாள். நாடுவாரியாக எடையும் மதிப்பும் வந்தன. மதிப்பை எடையால் வகுத்து, கிலோ விலையைப் பார்த்தாள். இவர்கள் வாங்கும் மூலப்பொருளைவிட அந்த வெளிநாட்டுப் பொத்தான் மலிவு.

"இதக் காட்டி இறக்குமதி வரிய ஏத்தச் சொல்லிக் கேக்கலாம்ணா. பட்டறைக்காரங்க சங்கத்துல பேசுங்க."

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எந்த நாடு ரொம்ப மலிவுன்னு சொன்னே?"

அந்த வருடம் முடிவதற்குள் அச்சுகள் பழைய இரும்புக்குப் போயின. பட்டறை, இறக்குமதிச் சரக்கின் கிடங்கானது. அவளோடு அச்சு ஓட்டி வேலை இழந்த பெண்கள் வழியில் பார்த்தால் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை.

"எல்லாம் என் தங்கச்சியோட மூளைதாங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் அண்ணன் சொல்கிறார். பாராட்டாகத்தான் சொல்கிறார்.