ஆடிக் கிருத்திகைக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

ஆடிக் கிருத்திகை வந்தால் எங்கள் வீட்டில் சோற்றுக்கோ பாய்க்கோ சண்டை வந்ததில்லை. பிளக் பாயிண்டுக்குத்தான் வரும். வீடு கோவில் மலையடிவாரத்தில் இருப்பதால், பள்ளிப்பட்டுப் பக்கத்துச் சொந்தமெல்லாம் காவடியோடு முந்தின நாளே எங்களிடம் வந்து இறங்கிவிடும். ஆளுக்கொரு போன். கூடத்தில் இருப்பதோ ஒரே ஒரு சுவிட்ச் போர்டு. போன வருஷம் சித்தப்பாவின் போனைச் சார்ஜிலிருந்து யாரோ பிடுங்கிவிட்டார்கள் என்று, காவடி எடுக்கும் வரை அவர் ஒருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. விரதம் இருக்கிறவர் கோபப்படலாமா என்று கேட்கப் போய் நானும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இந்த வருஷம் அந்தப் பேச்சே எழக் கூடாது என்று அரக்கோணத்தில் ஒரு கடையில் மூன்று எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கிவந்தேன். பாதி விலைக்கும் கீழே தள்ளுபடி. ஒவ்வொன்றிலும் ஆறு பிளக் போடலாம், யூ.எஸ்.பி. வயரை நேராகச் சொருக நான்கு ஓட்டைகள் வேறு. சுவிட்சைத் தட்டினால் நீல வெளிச்சம். தள்ளுபடி என்று எழுதியிருக்கும் இடத்தில் என் கால் தானாக நின்றுவிடும். என் மனைவி அதை வியாதிக் கணக்கில் சேர்த்து வெகுநாளாகிறது. ஆனால் நீல வெளிச்சத்தைப் பார்த்ததும் அவளுக்கே பிடித்துவிட்டது.

முந்தின நாள் சாயங்காலம் அக்காவும் பாவாவும் வந்தார்கள். பாவா என்றால் அக்காவின் கணவர். ஊரில் வயரிங் வேலை செய்கிறவர். ஒரு பாக்ஸைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா மச்சான், வெயிட்டே இல்லியே? ஸ்க்ரூ டிரைவர் குடு, உள்ள இன்னா கீதுன்னு பாக்கலாம்."

"பிரிச்சா வாரண்டி போயிடும் பாவா."

அவர் சிரித்துக்கொண்டே கீழே வைத்துவிட்டார். தண்ணீர் படுகிற இடத்தில் மட்டும் வைக்காதே என்றார். நான் அதைக் கேட்டுக்கொண்டு வேறொன்றைச் சொன்னேன். வீட்டு முகப்பில் மீட்டருக்குக் கீழே ஒரு டிரிப்பர் இருக்கிறது. எங்காவது மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும் பெட்டி. அந்த மாதம் மழைக்கு இரண்டு தடவை விழுந்திருந்தது. எங்கள் தெருவில் பலர் அதைத் தொல்லை என்று கழற்றிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்துக்கொண்டவர்கள்தான்.

"வீடு நெறைய ஜனம் வர்ற நாளு. டிரிப்பர எடுத்துட்டு டைரக்டா குட்த்துடுங்க பாவா. கரண்ட் போச்சுன்னா மானம் போயிடும்."

"மால போட்டுக்கினு கீறேன் இல்ல? இப்ப வேலைல கைய வெக்க மாட்டேன். மலைக்குப் போயிட்டு வந்து பாக்கலாம்."

விரத மாலை போட்டவரிடம் மேலே என்ன பேசுவது? சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை வீடு கொள்ளவில்லை. காவடி எடுக்கிறவர்கள் பின்கட்டுக் குழாயில் குளித்துவிட்டு, ஈர மஞ்சள் துணியோடும் வெறுங்காலோடும் கூடத்தைக் கடந்து வாசலுக்கு வருவார்கள். கடப்பைக்கல் தரை முழுக்கத் தண்ணீர். ஒரு பாக்ஸை ஜன்னல் மேடையில் உயரமாகத்தான் வைத்திருந்தேன். தரைக்குத்தான் பயந்தேன், மனிதர்கள் ஈரத்தோடு வருவார்கள் என்று யோசிக்கவே இல்லை. என் மனைவிக்கும் அந்த வருஷம் வேண்டுதல். அவள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்தபோது, சார்ஜில் இருந்த அவள் போன் மணியடித்தது. பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் வழி தெரியாமல் நின்றுகொண்டு அவள் தங்கை கூப்பிட்டிருக்கிறாள். இவள் பாக்ஸில் நேராகச் சொருகியிருந்த வயரோடு போனை எடுத்திருக்கிறாள்.

நான் அப்போது முகப்பில் காவடிக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், தலைக்கு மேல் ஓடிய ஃபேன் நின்றது. தெருவில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டில் மின்சாரம் இருந்தது. நம் வீட்டுச் சனியன்தான் விழுந்திருக்கிறது என்று எரிச்சலோடு போய் டிரிப்பரைத் தூக்கினேன். உடனே விழுந்தது. வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டி, மறுபடி தூக்கினேன். மறுபடி விழுந்தது. அழுத்திப் பிடித்தால் நிற்குமோ என்று மூன்றாவது தடவைக்குக் கட்டைவிரலை வைத்தேன்.

"டேய், கைய எடுடா! மெயின எறக்கு!"

பாவாவின் குரல் கூடத்திலிருந்து வந்தது. என்னை அதற்கு முன் அவர் டேய் போட்டதில்லை. மெயினை இறக்கிவிட்டு உள்ளே ஓடினேன். என் மனைவி சுவரோரம் சரிந்து உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. ஈரக் கை போனை இறுக்கிப் பிடித்திருந்தது. அதன் வயர் ஜன்னல் மேடையிலிருந்த பாக்ஸ் வரை விறைத்து நின்றது. பாவா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்தார்கள். இதயத்துக்கு ஒன்றும் இல்லை, மதியம் வரை இருக்கட்டும் என்றார் டாக்டர். அக்காவை அவளோடு விட்டுவிட்டு நானும் பாவாவும் வீட்டுக்கு வந்தோம். மாலை கழுத்தில் இருக்கும்போதே அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அந்தப் பாக்ஸைப் பிரித்தார்.

"மால போட்டா வேல செய்ய மாட்டேன்னு சொன்னீங்களே பாவா?"

"டிரிப்பர எடுன்னு நிக்கிற உங்கிட்ட சண்ட போட முடியாதுன்னுதான் அப்டி சொன்னேன்."

உள்ளே பார்த்தேன். பிளக்கில் மூன்று கால்கள் இருந்தன, வயரோ இரண்டுதான். கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்ப வேண்டிய எர்த் கால் சும்மா நட்டுவைத்தது. போனுக்குப் போகும் சின்ன மின்சாரத்தையும் ஆளைக் கொல்லும் பெரிய மின்சாரத்தையும் பிரிக்க வேண்டிய பலகை விரல் நகம் அகலம்தான் இருந்தது. அதிலும் ஒரு ஓரம் கருகியிருந்தது.

பிறகு முகப்புக்குக் கூட்டிப்போய் டிரிப்பரைக் காட்டினார். வீட்டுக்குள் போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்குமாம். துளி குறைந்தாலும், அது வேறு எந்த வழியிலோ மண்ணுக்குப் போகிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். அந்த வழி ஒரு மனித உடம்பாகவும் இருக்கலாம். கண் இமைப்பதற்குள் விழுந்துவிடும். நான் கிட்டே போய் அதை உற்றுப் பார்த்தேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக். கண் கிடையாது, காது கிடையாது. அன்று காலை அத்தனை பேர் இருந்த வீட்டில் ஷாக் அடித்த நொடியில் என் மனைவியை ஒருவரும் பார்க்கவில்லை, அது பார்த்தது. இதைக் கழற்றச் சொல்லி முந்தின நாள் கெஞ்சியவன் நான். எனக்குப் பயமும் வியப்பும் ஒன்றாக வந்து உடம்பு சிலிர்த்தது. மலை மேல் சந்நிதியில்கூட நான் அப்படிக் கைகூப்பி நின்றிருக்க மாட்டேன்.

சாயங்காலம் என் மனைவி மலை ஏறியே தீருவேன் என்றாள். டாக்டரிடம் கேட்டேன், காவடி தூக்காமல், மெதுவாக உட்கார்ந்து உட்கார்ந்து போகச் சொன்னார். பாதிப் படியில் உட்கார்ந்தோம். கீழே ஊர் முழுக்க விளக்கு போட்டிருந்தார்கள். வலது உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, மூணு வாட்டி அடிச்சுதுங்க. மொத வாட்டி போன தொட்டேன், சரி. கீழ உக்காந்தப்புறம் மறுபடி ரெண்டு வாட்டி ஏன் அடிச்சுது?"

யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம்; பாவாவும் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் என்னால் முடியவில்லை.

"நான்தான். கரண்ட் போச்சுன்னு டிரிப்பர தூக்குனேன். ரெண்டு வாட்டி."

அரோகரா சொல்லிக்கொண்டு ஒரு கூட்டம் எங்களைத் தாண்டிப் போனது. பிறகு அவள் மெல்லக் கேட்டாள்.

"மூணு வாட்டியும் அது வுழுந்து என்னிய வுட்டுடுச்சி இல்ல?"

"ஆங்" என்றேன்.