இடது பக்கம் கேட்ட மிட்டாய்க் காகிதம்

எங்கள் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்க வருவதில்லை, கேட்க வருகிறார்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த அகிஹபாராவில், மூன்றாவது மாடியில், நானூறு ஹெட்போன்களை வரிசையாகத் தொங்கவிட்டு ‘எடுத்து மாட்டிக் கேளுங்கள்’ என்று எழுதியும் வைத்தால் வேறென்ன நடக்கும்? பதினெட்டு வருஷமாக இங்கே நிற்கிறேன். யார் வாங்குவார், யார் காதைச் சூடாக்கிக்கொண்டு சும்மா போவார் என்பதைப் படியேறும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன். நொசுவே ததாவோ விஷயத்தில் மட்டும் பதினோரு மாதம் ஏமாந்தேன்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. சைதாமா பக்கம் உடனடி நூடுல்ஸ் ஆலையில் சூப்பை ருசி பார்க்கும் வேலை. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு, கடிகாரம் பார்க்கவே வேண்டாம், வந்து நிற்பார். பையிலிருந்து சொந்தப் பிளேயர் வரும், துடைக்கும் ஈரத்தாள் வரும், ஒரு குட்டி நோட்டு வரும். மாட்டுவதற்கு முன் ஒரு தடவை, கழற்றிய பின் ஒரு தடவை காதில் படும் மெத்தையைத் துடைப்பார். அந்த ஒரு ஒழுங்குக்காக அவரைப் பிடிக்கும். மற்றபடி அவரைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும்.

“என் பழைய ஹெட்போன்ல எல்லாம் கொதிச்சுக் கலந்து கெடக்கு, பரிதி-சான். பன்னிரண்டு வருஷம் ஆச்சு. கழட்டினா காதெல்லாம் கறுப்புத் தோல் ஒட்டுது. எனக்கு ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா தெரியணும்.”

“அதுக்கு ஏத்தது போன வாரமே குடுத்தேனே?”

“அது கோழிச்சாறு. கெட்டியா இருக்கு. நல்லாத்தான் இருக்கு, ஆனா அடியில என்ன இருக்குன்னு தெரியல.”

இன்னொன்று கொடுத்தால், “இது கடற்பாசித் தண்ணி. தெளிவு. ஆனா சத்தமெல்லாம் நிக்கிற மேடை கோணலா இருக்கு.” மூன்றாவதற்கு, “உச்சத்துல உப்பு தூக்கல்.” ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை எடுத்துக் கொடுப்பேன்.

அதைவிடக் கொடுமை, அவர் கேட்டது பாட்டே இல்லை. ஒரே ஒரு நொடி. பிளேயரில் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அந்த நொடியை மட்டும் திரும்பத் திரும்பப் போடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன், அதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று.

“மிட்டாய்க் காகிதம்” என்றார்.

கதை இதுதான். அவரும் அவர் மனைவி சிசுருவும் ஊர்ப் பாடகர் குழுவில் இருபது வருஷமாகப் பாடுகிறார்கள். அந்த அம்மா வலது பக்கம் முன்வரிசையில் ஆல்ட்டோ, பெண்களில் தாழ்ந்த குரல். இவர் அவருக்கு நேர் பின்னால் பேஸ், ஆண்களின் அடிக்குரல். குழுவின் முப்பதாவது ஆண்டு விழாவைப் பதிவு செய்து ஆளுக்கொரு சிடி கொடுத்தார்கள். கடைசிப் பாட்டில் கடைசிச் சுரத்துக்கு முன்னால் ஒரு நிசப்தம் வருகிறது. அறுபது பேரும் மூச்சைப் பிடித்து நிற்கும் அந்த இடத்தில் ‘சரக்’ என்று தொண்டை மிட்டாயின் காகிதம் பிரியும் சத்தம். விருந்தில் சிடியைப் போட்டுக் கேட்டபோது, குழுத் தலைவர் ஹச்சியா, இடது பக்கம் நின்று மேல்குரல் பாடும் டெனர்காரர், பீர்க் கோப்பையைத் தூக்கிக்கொண்டு, “பேஸ்காரங்களுக்குப் பசி வந்துருச்சு போல!” என்று ஒரு போடு போட்டார். எல்லோரும் நொசுவேயைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் பையில் எப்போதும் தொண்டை மிட்டாய் இருப்பது ஊருக்கே தெரியும். மனுஷர் பாட்டுப் புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

“அன்னைக்கு நான் மிட்டாயே எடுத்துட்டுப் போகல. சிசுருவே நம்ப மாட்டேங்கிறா. சத்தம் இடது பக்கம் வந்ததுன்னு நிரூபிச்சாத்தான் குழுவுக்குத் திரும்பப் போவேன். இல்ல, வலது பக்கம்தான்னு ஆச்சுன்னா எல்லார் முன்னாடியும் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு ஒதுங்கிடுவேன்.”

இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகக் கம்மியது. சனிக்கிழமை சாயங்காலங்களில் மனைவி ஒத்திகைக்குப் போய்விட, இவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பாத்திரம் துலக்கிக்கொண்டே தன் வரியை மட்டும் பாடுவாராம். பேஸ் வரியை மட்டும் தனியாகப் பாடிப் பார்த்திருக்கிறீர்களா? பாவமாக இருக்கும். அன்றைக்கு முதல்முறையாக அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்த சாம்பல் நிற ஹெட்போன் ஒன்றை மாட்டினார். விலை எண்பதாயிரம் யென், அவர் கைக்கு எட்டக்கூடியதுதான். ஒரு நொடி கேட்டார். மறுபடி கேட்டார். அப்புறம், ஊசி விழுந்தால் கேட்கும் எங்கள் கடையில், “இடது!” என்று ஒரு கத்தல். கேட்டுக்கொண்டிருந்த இருபது பேரும் ஹெட்போனைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“பரிதி-சான், இதாண்டா ஹெட்போன்! மேடை நேரா நிக்குது. உப்பு, புளிப்பு எல்லாம் அளவு. இத்தனை நாள் எனக்குக் குப்பையைக் குடுத்துட்டு இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?”

‘சான்’ என்று மரியாதையாகக் கூப்பிட்ட வாயால் ‘டா’ போட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்காக எடுத்து வையுங்கள், சனிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன், அன்று சாயங்காலம் இதைத் தூக்கிக்கொண்டு நேரே ஒத்திகைக்குப் போகிறேன் என்றார். படியிறங்கும்போதே ஹச்சியாவுக்குப் போன் போட்டு, “சனிக்கிழமை வரேன், ஆதாரத்தோட!” என்று முழங்கியது மேலே வரை கேட்டது.

அவர் போய் அரைமணி நேரம் ஆகியிருக்காது. அதே ஹெட்போனை மாட்டிய ஒரு கல்லூரிப் பெண் என்னைக் கூப்பிட்டாள். “பியானோ ஏன் தப்பான பக்கம் கேக்குது?”

எடுத்துப் பார்த்தேன். அந்த மாதிரி ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனி வயர், கழற்றி மாட்டலாம். வலது வயரில் சிவப்பு வளையம் இருக்கும். அந்தச் சிவப்பு வளையம் இடது காதில் செருகியிருந்தது. காலையில் துடைத்து மாட்டியவன் நான்தான்.

அப்புறம்தான் அவருடைய நோட்டு ஞாபகம் வந்தது. பதினோரு மாதம் எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்துப் பார்த்துப் பழகிய நோட்டு. ‘மேடை கோணல்’, அதன் பக்கத்தில் சின்னதாக ‘வலது’. ‘உப்பு தூக்கல்’, ‘வலது’. ‘அடி தெரியவில்லை’, ‘வலது’. வலது என்று சொன்ன ஹெட்போனையெல்லாம் மனுஷர் குற்றம் சொல்லித் தள்ளியிருக்கிறார். இடது என்று சொல்லப்போகும் ஒன்றுக்காகத்தான் இத்தனை ஞாயிறுகளும் காத்திருந்திருக்கிறார். இவர் திருட்டுத்தனம் செய்கிறவர் இல்லை. காதுக்கும் மனசுக்கும் நடுவே எங்கேயோ அது தானாக நடந்திருக்கிறது. எனக்கே நடந்திருக்கிறது, விலை அதிகம் என்று தெரிந்த பிறகு நன்றாகக் கேட்காத ஹெட்போனே கிடையாது.

செவ்வாய் போனது, புதனும் போனது. வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் சந்தோஷமாகப் பாடப் போவார் என்று ஒரு மனசு சொன்னது. இல்லை, அங்கே அறுபது பேர் முன்னால் யாராவது வயரைக் கவனித்து மானம் போகும் என்று இன்னொரு மனசு சொன்னது. வியாழக்கிழமை அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். எடுத்தது சிசுரு அம்மா.

“வயர் மாறிப்போச்சும்மா. என் தப்பு. மன்னிக்கணும்.”

“அப்போ வலது பக்கம்தானா?”

“ஆமாம்மா.”

மறுமுனையில் ஒரு சிரிப்பு. மூக்கு வழியாகக் கிளம்பி விக்கலில் போய் முடியும் சிரிப்பு. ‘ம்ஹ்ஹ்-க்கு’. அப்படியொரு சிரிப்பை நான் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். அவர் முகம் வெந்த முள்ளங்கி மாதிரி தொங்கிப்போயிருந்தது. நான் தொண்ணூறு டிகிரிக்குக் குனிந்தேன்.

“நீங்க என்ன பண்ணுவீங்க” என்றார். “வயர் பொய் சொல்லிச்சு. நான் நம்ப ஆசைப்பட்டேன்.”

வயரைச் சரியாகச் செருகிய ஹெட்போனை வாங்கிக் காதில் மாட்டினார். ‘சரக்’. வலது. கழற்றப் போனார்.

அப்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “நொசுவே-சான், இத்தனை மாசத்துல அந்த நொடியைத் தாண்டி ஒரு தடவையாவது கேட்டீங்களா? பாட்டு முடியுற வரைக்கும்?”

“அதுக்கப்புறம் என்ன இருக்கு? கைத்தட்டல்தானே.”

“கேளுங்களேன்.”

கேட்டார். கடைசிச் சுரம் எழுந்து அடங்குவதை அவர் தாடையிலேயே பார்க்க முடிந்தது. தன் வரியை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தார். அப்புறம் கைத்தட்டலுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வந்திருக்க வேண்டும். அவர் கண்கள் விரிந்தன. பின்னால் ஓட்டி மறுபடி கேட்டார். ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினார்.

அறுபது பேரின் குரல் அடங்கிய அமைதியில், வலது பக்கம், முன்வரிசையில், துளியூண்டு: ‘ம்ஹ்ஹ்-க்கு’.

நான் சிசுரு அம்மாவைப் பார்த்தேன். அந்த அம்மா கண்ணாடியலமாரியில் ஏதோ விலைச்சீட்டைத் தீவிரமாகப் படித்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

“நீ சிரிச்சியா?” என்றார் நொசுவே.

“முதுகுக்குப் பின்னாடி மிட்டாய் பிரிச்சா சிரிப்பு வராதா? ஒங்க சட்டைப் பையில ஒண்ணு கெடந்துச்சு. நான்தான் காலையில போட்டு வெச்சேன், தொண்டை கட்டியிருந்துச்சேன்னு. நீங்க யோசிக்காமலேயே எடுத்துப் பிரிச்சிருப்பீங்க.”

“அப்போ பதினோரு மாசமா ஏன் சொல்லல?”

“சொன்னா, மேடையில சிரிச்சது யாருன்னு அடுத்து கேப்பீங்களே!”

கடையில் சத்தம் போடக்கூடாது என்று நான்தான் எல்லோரையும் அதட்டுகிறவன். அன்றைக்கு முதலில் சிரித்தவனும் நான்தான். நொசுவே மேஜையைப் பிடித்துக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். அந்த அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு மறுபடி அதே விக்கல் சிரிப்பு.

“சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து குனிவோம்” என்றார் சிசுரு அம்மா கடைசியில். “அப்புறம் ஒதுங்குறேன் கிதுங்குறேன்னு பேசக்கூடாது. எனக்குப் பின்னாடி ஆள் இல்லாம முதுகு சில்லுனு இருக்கு.”

அவர் சரி என்று தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி வயரைச் சுற்றினேன்.

அப்புறம் வியாபாரம். அந்த அம்மா தானே போய், அவர் முன்பு கோழிச்சாறு என்று தள்ளிய ஹெட்போனை எடுத்து மாட்டி, அந்த இடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டு, வெற்றியோடு திரும்பினார்.

“இதை வாங்குங்க. வெலையும் பாதி. நான் சிரிச்சது கொஞ்சம்கூடக் கேக்கல.”

நொசுவே சாம்பல் நிற ஹெட்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார், ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

“அதனாலதான் அது வேண்டாம்” என்றார். “பரிதி-சான், இதையே கட்டிக் குடுங்க.”